நூறு டேப் திறந்து கிடக்கிறது: விடலாமா, மூடலாமா, ஒதுக்கலாமா?

ஆண்ட்ராய்டு குரோமில் திறந்திருக்கும் டேப்கள் 99-ஐத் தாண்டிவிட்டால் எண்ணிக்கை காட்டும் சின்னச் சதுரத்துக்குள் எண் வராது. ஒரு சிரிப்பு முகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஃபயர்பாக்ஸ் முடிவிலிக் குறியைப் போடும். ஐஃபோனின் சஃபாரி கொஞ்சம் கறார்: 500 வரை பொறுத்துக்கொள்ளும், அதற்கு மேல் இடமில்லை. நாம் மூடப்போவதில்லை என்பது பிரவுசர் செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

பெங்களூரில் இருக்கும் நம்மவர்கள் போனில் கிடக்கும் டேப்கள் ஏறக்குறைய ஒரே ரகம்தான். கே.ஆர்.புரத்திலும் பி.டி.எம். லேஅவுட்டிலும் பார்த்த வாடகை வீடுகள், வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்குப் போகிற பஸ், ரயில் பக்கங்கள், கன்னடத்தில் ஏதோ ஓர் அரசுப் பக்கம், பாதி படித்த கட்டுரை, மிக்சி விலை, பூண்டு ரசம். "எல்லாத்தையும் மூடிடலாமா, இல்ல ஏதாவது போயிடுமா?" என்று கேட்பவர்கள் இரண்டு பயங்களுக்கு நடுவில் நிற்கிறார்கள். வைத்திருந்தால் போன் கெட்டுவிடும் என்பது ஒன்று. மூடினால் வேண்டியது தொலைந்துவிடும் என்பது இன்னொன்று. முதல் பயம் பெரும்பாலும் வீண். இரண்டாவது நியாயமான பயம், ஆனால் ஆபத்து அவர்கள் நினைக்கிற பக்கத்தில் இல்லை: மூடுவதால் தொலைவதை விட, டேப்பாக வைத்திருப்பதை நம்பித் தொலைப்பதுதான் அதிகம்.

## போன் மெதுவாவது டேப்களாலா?

திறந்து கிடக்கும் டேப் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் பக்கம் இல்லை. நாம் வேறு டேப்புக்கோ வேறு ஆப்புக்கோ போன பிறகு ரேம் போதவில்லை என்றால், பழைய பக்கங்களை போன் நினைவகத்திலிருந்து இறக்கிவிடும். ஆண்ட்ராய்டும் இதைச் செய்கிறது, ஐஃபோனும் செய்கிறது. அப்புறம் அந்த டேப்பில் மிஞ்சுவது முகவரி, தலைப்பு, சின்னதாக ஒரு படம், முன்னும் பின்னும் போன தடம், அவ்வளவுதான். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிற டேப், வீடியோ கால் நடக்கிற டேப் மாதிரி சிலதுதான் விதிவிலக்கு. ஆகவே நூறு டேப்பை மூடினால் பேட்டரி நிற்கும், போன் பறக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மெதுவாக இருப்பதற்குக் காரணம் அநேகமாக இப்போது கண்முன் இருக்கிற கனமான பக்கம், அல்லது நிரம்பி வழியும் ஸ்டோரேஜ்.

உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. இறக்கப்பட்ட டேப்பைத் திரும்பத் தட்டினால் பக்கம் மறுபடி இணையத்திலிருந்து வந்தாக வேண்டும். பெங்களூர் மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் எம்.ஜி.ரோடு தாண்டியதும் ரயில் பூமிக்குள் இறங்குகிறது. கப்பன் பார்க்கிலிருந்து சிட்டி ரயில்வே ஸ்டேஷன் வரை சுரங்கம்தான். காலையில் படிக்கலாம் என்று திறந்து வைத்த கட்டுரை, அங்கே சிக்னல் தடுமாறும் நேரத்தில் வெள்ளைத் திரையாக நிற்கும். பாதி நிரப்பிய விண்ணப்பமும் அப்படித்தான்; ஓ.டி.பி. பார்க்கவும் ஆதார் நகலைத் தேடவும் வேறு ஆப்புகளுக்குப் போய் வந்தால், ரேம் குறைந்த போனில் எல்லாக் கட்டங்களும் காலியாகி இருக்கலாம்.

## எதை வைத்து அளப்பது

இனி வரும் ஐந்து வழிகளையும் அளக்க நான்கு கேள்விகள் போதும். மூடிய பிறகு வேண்டுமென்றால் மீட்க முடியுமா? நெட் இல்லாதபோது திறக்குமா? அதைக் கட்டிக்காக்க தினமும் எவ்வளவு வேலை? போனை இன்னொருவர் கையில் கொடுத்தால் சங்கடம் உண்டா?

இதில் முதல் கேள்விக்குத்தான் பலர் தப்பான பதிலை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். டேப்பை மூடினால் பக்கம் அழிவதில்லை, ஹிஸ்டரியில் இருக்கும். குரோம் 90 நாள் வரை ஹிஸ்டரியை வைத்திருக்கிறது. போன வாரம் பார்த்த ரசத்தை இன்றைக்கு மூடினாலும், "ரசம்" என்று ஹிஸ்டரியில் தேடினால் வந்துவிடும். இன்காக்னிட்டோவில், அதாவது ஹிஸ்டரியில் பதியாத தனி முறையில் திறந்தது மட்டும் அங்கே இருக்காது.

## அப்படியே விட்டுவிடுவது

எந்த வேலையும் இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே இது உலகத்திலேயே பிரபலமான முறை. நாற்பது, ஐம்பது டேப் இருக்கிற, தேடுவதெல்லாம் கூகுளில் புதிதாகத் தேடிக்கொள்கிற ஆளுக்கு இதில் நஷ்டமே கிடையாது. முகவரிப் பெட்டியில் இரண்டு வார்த்தை தட்டினால், ஏற்கெனவே திறந்திருக்கும் டேப்புக்குத் தாவச் சொல்லி குரோமே யோசனை காட்டும்; நூறு கட்டங்களை உருட்டித் தேட வேண்டியதில்லை. சஃபாரியில் டேப்கள் எல்லாம் தெரியும் திரையைக் கீழே இழுத்தால் தேடல் பெட்டி வரும்.

மறைந்திருக்கும் செலவு என்ன என்றால், பக்கம் பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பு. வாடகை வீட்டு விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு போய்விட்டால் விளம்பரத்தைத் தூக்கிவிடுவார்கள். டேப் இருக்கும், உள்ளே வீடு இருக்காது. வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் பத்து மாதமா ஆறு மாதமா, பேசிக் குறைக்கலாம் என்று போட்டிருந்தானா என்று ஒன்றும் கிடைக்காது. விமான டிக்கெட் விலையும் அப்படியே. நேற்றுப் பார்த்த விலை இன்றைக்கு டேப்பைத் தட்டியதும் ஏறி நிற்கும்.

இதில் ஒரு வகை டேப்பை மட்டும் விடவே கூடாது. பணம் கட்டிய பக்கம். மின்கட்டணமோ பள்ளிக் கட்டணமோ கட்டி முடித்த டேப் கிடந்து, பத்து நாள் கழித்து கை பட்டுத் திறந்தால், படிவத்தை மறுபடி அனுப்பவா என்று பிரவுசர் கேட்கும் சமயங்கள் உண்டு. தூக்கக் கலக்கத்தில் 'ஆம்' என்று தட்ட ஆள் இருக்கிறார்கள். ரசீதைச் சேமித்த கையோடு அந்த டேப்பை மூடிவிடுங்கள்.

## மொத்தமாக மூடுவது

குரோமில் டேப்கள் தெரியும் திரையில் மூன்று புள்ளியைத் தட்டினால் 'குளோஸ் ஆல் டேப்ஸ்'. சஃபாரியில் கீழே இருக்கும் டேப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அதே வசதி. ஆண்ட்ராய்டு குரோமில் மூடியதும் சில நொடிகளுக்கு 'அன்டூ' தெரியும். சஃபாரியில் டேப் திரையின் கூட்டல் குறியை அழுத்திப் பிடித்தால், சமீபத்தில் மூடியவற்றின் பட்டியல் வரும். இது பலருக்குத் தெரியாத வசதி, தெரிந்தால் மூடும் பயம் பாதி போய்விடும்.

யாருக்கு இது சரி? வீடு கிடைத்துவிட்டவர், கல்யாணம் முடிந்தவர், வேலை மாறிவிட்டவர். அதாவது, எந்த விஷயத்துக்காகத் திறந்தார்களோ அந்த விஷயமே முடிந்துபோனவர்கள். அவர்களுக்கு ஒதுக்குவது, பிரிப்பது எல்லாம் வெட்டி வேலை.

சரிப்படாதவர்கள்: பாதி எழுதி நடுவே நிற்கும் படிவம் வைத்திருப்பவர்கள், இன்காக்னிட்டோவில் முக்கியமான ஒன்றைத் திறந்து வைத்திருப்பவர்கள். மூடும் முன் இந்த இரண்டை மட்டும் பார்த்தால் போதும். நூறையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து முடிவெடுக்க உட்கார்ந்தால், இருபதாவதில் ஏதோ ஒரு கட்டுரைக்குள் போய்விடுவோம், ராத்திரி போய்விடும், டேப் இன்னும் மூன்று கூடியிருக்கும்.

## பழையதைத் தானாக ஒதுக்க விடுவது

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஒருமுறை அமைத்தால் அப்புறம் நினைக்கவே வேண்டாம்.

ஆனால் பிரவுசருக்குப் பிரவுசர் நடத்தை வேறு, இதைக் கவனிக்காமல் அமைத்தால் வம்பு. குரோமில் செட்டிங்ஸ், டேப்ஸ், இன்ஆக்டிவ் என்று போனால் 7, 14, 21 நாள் என்று தேர்ந்தெடுக்கலாம். அத்தனை நாள் தொடாத டேப் தனிப் பகுதிக்குப் போய்விடும், உடனே மூடப்படாது. ஃபயர்பாக்ஸ் ஆண்ட்ராய்டில் 14 நாள் பார்க்காத டேப் இதே மாதிரி ஒதுங்கும். அதைத் தவிர, ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் கழித்து முற்றிலும் மூடிவிடும் அமைப்பும் தனியாக உண்டு. சஃபாரியில் ஒதுக்கும் கதையே இல்லை, நேராக மூடல்தான்: செட்டிங்ஸில் சஃபாரிக்குள் 'குளோஸ் டேப்ஸ்' என்ற இடத்தில் ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம், அல்லது நாமே மூடுவது. ஐஃபோன்காரர்கள் ஒரு மாதத்தில் தொடங்குவது நல்லது. ஒரு நாள் என்று வைத்துவிட்டு 'போன் தானாக அழிக்கிறது' என்று சர்வீஸ் சென்டரில் போய் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

21 நாளா 14 நாளா என்று தடுமாறினால் 14 வையுங்கள். இரண்டு வாரமாகத் தொடாத டேப்பை மூன்றாவது வாரமும் தொடப்போவதில்லை.

இதன் குறை, நாள் பார்த்து ஒதுக்குமே தவிர முக்கியம் பார்த்து ஒதுக்காது. பொங்கல் ரயில் டிக்கெட்டை நினைத்துப் பாருங்கள். 2024 நவம்பரிலிருந்து ரயில்வேயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. அதற்கு முன் 120 நாள். பொங்கலுக்கு நவம்பர் நடுவில் உஷாராக வேண்டும் என்று செப்டம்பரிலேயே ஒரு டேப்பைத் திறந்து வைப்பார் ஒருவர். அது அக்டோபரிலேயே ஒதுங்கிவிடும், அவரும் மறந்துவிடுவார். இதற்கு டேப் சரியான இடமே இல்லை. கேலண்டரில் ஒரு நினைவூட்டல் போடுங்கள், காலை எட்டு மணிக்கு முன்பாக அடிக்கிற மாதிரி. முன்பதிவு திறப்பது எட்டுக்கு.

## குழு பிரிப்பது

குரோமில் ஒரு டேப்பை இழுத்து இன்னொன்றின் மேல் போட்டால் குழு. பெயர் வைக்கலாம், நிறம் கொடுக்கலாம். சஃபாரியில் 2021-இல் ஐ.ஓ.எஸ். 15-உடன் டேப் குரூப் வந்தது.

வீடு தேடும் மாதம், அப்பாவுக்கு ஆஸ்பத்திரி தேடும் வாரம், பிள்ளைக்குப் பள்ளி அட்மிஷன் பார்க்கும் சமயம் என்று, முடிவுத்தேதி உள்ள வேலைக்கு இது அருமை. கன்னடத் தலைப்புள்ள அரசுப் பக்கங்களால் அவதிப்படுகிறவர்களுக்கு இன்னொரு லாபம்: டேப்பின் தலைப்பை நாம் மாற்ற முடியாது, குழுவின் பெயரைத் தமிழில் வைக்கலாம். "வீட்டு வரி" என்று எழுதி உள்ளே போட்டுவிட்டால், எந்தக் கன்னட வரி எந்தப் பக்கம் என்று எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை.

முடிவுத்தேதி இல்லாத வேலைக்கு இது ஆகாது. "படிக்க வேண்டியவை" என்று குழு தொடங்கினால் ஆறு மாதத்தில் அது பரணில் போட்ட பெட்டி. அப்புறம் ஒரு விஷயம்: குரோமில் குழுவை மூடுவது வேறு, டிலீட் செய்வது வேறு. கணக்கில் நுழைந்திருந்தால் மூடிய குழு சேமிப்பில் இருக்கும், மறுபடி திறக்கலாம். டிலீட் செய்தால் போனது போனதுதான்.

## டேப்புக்கு வெளியே எடுத்து வைப்பது

உண்மையிலேயே வேண்டும் என்று நினைக்கிறதை டேப்பாக வைக்காதீர்கள் என்பதுதான் இந்த வழி. எங்கே வைப்பது என்பது பக்கத்தைப் பொறுத்தது.

அடிக்கடி போகிற பக்கத்துக்கு புக்மார்க். வரி கட்டும் தளம், அலுவலக லீவு தளம், பஸ் டிக்கெட் தளம். சேமிக்கும்போது பெயரைத் தமிழில் மாற்றி வையுங்கள். கன்னடத் தலைப்புச் சிக்கலுக்கு நிரந்தர வைத்தியம் இதுதான். அரசுத் தளங்களில் உள்பக்கத்தை புக்மார்க் செய்தால் அடுத்த முறை 'செஷன் எக்ஸ்பயர்ட்' என்று திட்டும். முகப்புப் பக்கத்தைச் செய்யுங்கள்.

பிறகு படிக்க நினைக்கும் கட்டுரைக்கு ரீடிங் லிஸ்ட். சஃபாரியிலும் உண்டு, குரோமிலும் உண்டு. சஃபாரி செட்டிங்ஸில் ரீடிங் லிஸ்ட்டைத் தானாக ஆஃப்லைனில் சேமிக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் சுரங்க மெட்ரோவிலும் படிக்கலாம். ஆண்ட்ராய்டு குரோமில் மூன்று புள்ளி மெனுவின் மேல் வரிசையில் கீழ்நோக்கிய அம்புக்குறி இருக்கும். அதைத் தட்டினால் பக்கம் முழுதாக டவுன்லோடில் வந்துவிடும்.

'பிறகு படிக்க' என்றே தனி ஆப்புகளும் உண்டு. நல்ல வசதிதான், ஆனால் அவை மூடிவிட்டால் நம் கதி என்ன? பாக்கெட் என்ற ஆப் பல வருடங்களாக ஓடியது, ஃபயர்பாக்ஸ் செய்யும் மோசில்லாவே வாங்கி நடத்தியது. 2025 ஜூலை 8-ஆம் தேதி மூடிவிட்டார்கள். சேர்த்து வைத்தவர்கள் பட்டியலை இறக்கிக்கொண்டு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. பட்டியலை வெளியே எடுக்க வசதி இருக்கிறதா என்று பார்க்காமல் இப்படி எதிலும் சேர வேண்டாம்.

மாறிவிடக்கூடிய பக்கத்துக்கு, அதாவது விலை, வாடகை, விளம்பரம், ரசீது போன்றவற்றுக்கு, ஸ்கிரீன்ஷாட் அல்லது பி.டி.எஃப். இணைப்பை எங்கே சேமித்தாலும் பக்கம் மாறினால் பயனில்லை, படம் மாறாது. ஐஃபோனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்ததும் 'ஃபுல் பேஜ்' என்று தேர்ந்தெடுத்தால் முழுப் பக்கமும் பி.டி.எஃப். ஆகும். வீடு தேடுகிறவர்கள் வாடகை, அட்வான்ஸ், உரிமையாளர் எண் மூன்றும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுங்கள். பின்னால் புரோக்கர் வேறு தொகை சொன்னால் காட்ட ஆதாரம்.

இன்னொன்று, எல்லோரும் செய்வது: வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வது. 2022 நவம்பரில் வாட்ஸ்அப்பே இதற்கென்று வசதி கொண்டுவந்தது. அதற்கு முன் ஒரு ஆள் குரூப் தொடங்கி அதில் போட்டுக்கொண்டிருந்தோம். தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் இதைக் கேலி செய்வார்கள். எனக்கு இதில் குறை தெரியவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து அம்மா அனுப்பும் படமும் இங்கேதான் வருகிறது, ஆகவே தினமும் திறக்கிற இடம். ஒன்று மட்டும் செய்யுங்கள், இணைப்பை மொட்டையாக அனுப்பாமல் பக்கத்தில் தமிழில் ஒரு சொல் சேருங்கள்: "அம்மாவுக்குக் கண் டாக்டர்", "சின்னவள் கராத்தே கிளாஸ்". பிறகு தேடினால் கிடைக்கும். சேர்க்காவிட்டாலும் அந்தச் சாட்டின் பெயரைத் தட்டி 'லிங்க்ஸ்' பகுதிக்குப் போனால் இணைப்புகள் மட்டும் வரிசையாகத் தெரியும்.

இந்த வழியின் செலவு, கைவேலை. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முடிவு. பத்துப் பக்கத்துக்குச் செய்யலாம். நூறுக்குச் செய்ய நினைக்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | மீட்க முடியுமா | நெட் இல்லாமல் | வேலை | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| அப்படியே விடுவது | டேப் இருக்கும், உள்ளடக்கம் மாறலாம் | உறுதி இல்லை | இல்லை | பத்திரமாக இருக்கிறது என்ற பொய் நம்பிக்கை |
| மொத்தமாக மூடுவது | ஹிஸ்டரியில், இன்காக்னிட்டோ தவிர | திறக்காது | ஒரு நிமிடம் | நடுவில் நிற்கும் படிவங்கள் |
| தானாக ஒதுக்குவது | குரோமில் எளிது. சஃபாரியில் ஹிஸ்டரி வழியாக | உறுதி இல்லை | ஒரே முறை | முக்கியமானதும் ஒதுங்கும் |
| குழு பிரிப்பது | மூடினால் மீளும், டிலீட் ஆனால் இல்லை | உறுதி இல்லை | அவ்வப்போது | கலைக்க மறந்த குழுக்கள் |
| வெளியே எடுத்து வைப்பது | ஆம் | டவுன்லோடும் படமும் திறக்கும் | ஒவ்வொரு பக்கத்துக்கும் | ஆப் மூடப்படலாம் |

என் கணக்கில் மூன்றாவது வழியை அமைத்துவிட்டு, ஐந்தாவதைக் கொஞ்சமாகச் செய்தால் பெரும்பாலோருக்குப் போதும். குழு வேண்டுமானால் வேலை நடக்கும் வரை.

## போனைப் பிறர் கையில் கொடுப்பவர்கள்

நான்காவது கேள்வி அட்டவணையில் இல்லை, ஏனென்றால் வீட்டுக்கு வீடு அது மாறும். பிள்ளைகள் யூடியூப் பார்க்க வாங்குகிற போன், ஊரிலிருந்து வந்த மாமா கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க வாங்குகிற போன் என்றால், டேப் திரை தான் முதலில் கண்ணில் படும். வங்கித் தளங்கள் கொஞ்ச நேரத்தில் தாமாக வெளியேற்றிவிடும். மெயிலும் கடைத் தளங்களும் அப்படிச் செய்யாது, திறந்தால் உங்கள் கணக்கு அப்படியே நிற்கும். சம்பள ஒப்பீடு, வேலை தேடல், உடம்பு சம்பந்தமான தேடல் ஆகியவற்றை இன்காக்னிட்டோவில் பாருங்கள்; குரோம் செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில், வெளியே போய் வந்தால் அந்த டேப்களைக் கைரேகை கேட்டுத் திறக்கும் பூட்டு இருக்கிறது. ஆனால் அங்கே திறந்ததை மூடினால் ஹிஸ்டரி கைகொடுக்காது என்பதை மறக்க வேண்டாம். வேண்டியதை மூடும் முன் படமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு குரோம் இன்காக்னிட்டோவில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாமல் தடுக்கலாம். அப்போது முகவரியை நகலெடுத்து நோட்ஸில் ஒட்டுவதுதான் வழி.

## போன் மாற்றப் போகிறவர்கள்

பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன்தான் பலருக்கு டேப் ஞாபகமே வருகிறது. கணக்கில் நுழைந்து சின்க், அதாவது கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி, போட்டிருந்தால் புக்மார்க்கும் ஹிஸ்டரியும் புது போனுக்கு வந்துவிடும். பழைய போனின் டேப்களை குரோமில் 'ரீசன்ட் டேப்ஸ்' பகுதியில் பார்க்கலாம், சஃபாரியில் ஐகிளவுட் டேப்ஸ் என்று இருக்கும். சின்க் போடாதவர்கள் இப்படி வரும் என்று நம்ப வேண்டாம். டவுன்லோட் செய்த பக்கங்கள் சின்க்கில் சேர்த்தி இல்லை, அவற்றைத் தனியாக நகலெடுக்க வேண்டும். இன்காக்னிட்டோ டேப்கள் எந்த வழியிலும் வராது. எனவே பழைய போனை ரீசெட் செய்வதற்கு முன், புது போனில் குரோமைத் திறந்து, பழைய டேப்களில் ஒன்றையாவது தட்டிப் பார்த்து வருகிறதா என்று உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு கடைக்காரரிடம் கொடுங்கள்.